சொல்லாமல் போன கணக்குப்பிள்ளை

யுத்தத்தில் மெட்ராஸ் கப்பல் நின்றதில், கடல்கடந்து குடியேறிய பிரிக்பீல்ட்ஸ்காரர்களுக்கு அரிசி போயிற்று, துணி போயிற்று. கிராணி இராமலிங்கத்துக்குப் போனது ஒரு கொலைகாரன். மெட்ராஸ் பத்திரிகையில் அவர் விடாமல் படித்துவந்த துப்பறியும் தொடர், ஜமீன்தார் பிணமாகக் கிடக்கும் இடத்தோடு நின்றுவிட்டது. ஜப்பான்காரன் வந்து ஓராண்டாகியும் அவருக்கு ஆறவில்லை.

ஜப்பான்காரன் போடும் சயாம் ரயில்பாதைக்கு ஆள் எழுதி அனுப்பும் குமாஸ்தா அவர். சினிமாக் கொட்டகையில் டிக்கெட் கிழித்து, வேலை போய் வீட்டிலிருந்த சபாபதியை எழுத வந்தவர், கொடுத்த மரவள்ளிக்கிழங்கைத் தின்றுகொண்டே இந்தக் குறையையும் சொன்னார். சயாம் போனவர்கள் யாரும் திரும்பியதாகச் சபாபதி கேள்விப்பட்டதில்லை. உடனே அவர், மிச்சக் கதை தனக்குத் தெரியும், கடைசிக் கப்பலில் வந்த மச்சான் சொன்னான் என்றார். அவருக்கு மச்சானே கிடையாது.

கிராணி அவர் பெயரை எழுதாமல் பேனாவை மூடினார்.

ஞாயிறுதோறும் வந்து கேட்டார். சபாபதி கதையை இழுத்தார். சந்தேகப்பட ஆள் தீர்ந்தபோது, செத்த ஜமீன்தாருக்கு இன்னொரு மனைவியைக் கண்டுபிடித்தார். கடைசியில் கிராணி சொல்லிவிட்டார்: "அடுத்த வாரம் கொலைகாரன் வந்தாகணும்யா. இல்லன்னா நீ கெளம்பணும்."

கொலைகாரன் யாரென்று சபாபதிக்கே தெரியாது. மனைவி மாரியாயி கிழங்கு சீவிக்கொண்டே கேட்டாள்.

"கொலை நடந்த அன்னிக்கு ஜமீன் வீட்டுக்கு வந்தவங்கல்லாம் கெளம்புறப்ப என்ன சொன்னாங்க?"

"போயிட்டு வரேன்னு சொல்லிருப்பாங்க."

"எழவு வீட்டுல யாராச்சும் அப்படிச் சொல்லுவாங்களா? ஒருத்தன் மட்டும் சொல்லாம போகட்டும். உள்ள பொணம் கெடக்குன்னு அவனுக்குத்தான தெரியும்."

ஞாயிற்றுக்கிழமை, ஜமீன் கணக்குப்பிள்ளை சொல்லாமல் போய் மாட்டிக்கொண்டான்.

கிராணி வெகுநேரம் தலையாட்டினார். மெட்ராஸ்காரன் மூளையே தனி என்றார். சபாபதி மறுக்கவில்லை.

"ஒனக்குப் பதிலா வேற ஆள எழுதிட்டேன். மச்சான் வேற கதை ஏதும் சொல்லிருக்கானா?"

சொல்லியிருக்கிறான் என்றார் சபாபதி. யாரை எழுதினீர்கள் என்று அவர் கேட்கவில்லை. மாரியாயிதான் கேட்டாள். கிராணிக்குப் பெயர் ஞாபகம் வரவில்லை. கிள்ளான் பக்கத்து ஆள் என்றார்.

இரண்டாவது கதையில் ஒரு கிள்ளான்காரன் காணாமல் போனான். கொலையே இல்லையே என்று கிராணி சலித்துக்கொண்டாலும் வந்து கேட்டார். சபாபதி அவனுக்கு எத்தனையோ பெயர் வைத்துப் பார்த்தார். ஒன்றும் ஒட்டவில்லை.

யுத்தம் முடிந்து அச்சேறிய அவருடைய முதல் நாவல் அதுதான். முக்கியமான ஆளுக்கே பெயர் வைக்க ஆசிரியர் மறந்துவிட்டார் என்று ஒரு வாசகர் குறைப்பட்டு எழுதினார்.