தண்ணீர் பார்க்கப் போன நாட்கள்

என் மகளுக்குத் தன் அத்தாவோடு, அதாவது என் வீட்டுக்காரரோடு, நேரில் பேச வராது. போனில் என்றால் பேசுவாள். அது சாதாரணப் பேச்சு இல்லை. பள்ளிக்கூடத்தில் யார் யாரைக் கிள்ளினார்கள் என்பதிலிருந்து, நான் எந்தக் குழம்பில் உப்பை அள்ளிக் கொட்டினேன் என்பது வரை மஸ்கட்டுக்கு அன்றாடம் செய்தி போய்விடும். ஆனால் அதே மனிதர் லீவில் வந்து கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்ததும் அவளுக்கு வாய் அடைத்துப்போனது. சாப்பிட வரச் சொல்லு என்று என்னிடம்தான் சொல்வாள். அவர் அங்கேயேதான் இருப்பார், அவர் காதிலும் விழுந்திருக்கும். இருந்தாலும் நான் ஒரு தடவை திருப்பிச் சொல்லியாக வேண்டும்.

அவர் அங்கே ஒரு சூப்பர் மார்க்கெட்டின் குடோனில் வேலை பார்க்கிறார். இதற்கு முன் வந்தபோது அவள் இரண்டாம் வகுப்பு. அப்புறம் கம்பெனி மாறியது, விசா இழுத்தது, ஏதேதோ ஆகி, இந்த முறை அவர் திருச்சி ஏர்போர்ட்டில் வந்து இறங்கியபோது அவள் ஏழாம் வகுப்புக்குப் போக இருந்தாள். கண்ணாடிக் கதவைத் தாண்டி அவர் வந்ததும் என் முதுகுக்குப் பின்னால் போய் நின்றாள். அன்றிலிருந்து என் முதுகுதான் அவளுக்கு வீடு.

இதில் எனக்கு எரிச்சலூட்டியது வேறொன்று. மாடியில் உட்கார்ந்துகொண்டு கீழே இருக்கிற அவருக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்புவாள். அவர் அதைக் காதில் வைத்துக் கேட்டுச் சிரித்துவிட்டு, இங்கிருந்து பதில் அனுப்புவார். உங்களுக்கும் மாடிப்படிக்கும் நடுவில் கடலா கிடக்கிறது என்று கேட்டேன். பேசுகிறாளே, அது போதாதா என்றார். அவருக்குப் போதவில்லை என்பது எனக்குத் தெரியும். அவள் தூங்கிக்கொண்டிருக்கும்போது கட்டிலோரம் போய் நின்று பார்த்துவிட்டு வருவார். விழித்திருக்கும்போது அந்த அறை வாசலில் செருப்பைக்கூட விட மாட்டார்.

வெயில் தாங்காமல் அந்த வருஷம் பள்ளிக்கூடம் திறப்பதை ஒரு வாரம் தள்ளி வைத்தார்கள். பள்ளி திறக்கிற திங்கட்கிழமைக்கு முந்தின நாள் அவருக்கு விமானம். மிச்சமிருந்த அந்த ஒரு வாரத்தில் பிள்ளையைத் தண்ணீர் இருக்கிற இடமாகப் பார்த்துக் கூட்டிப் போகலாம் என்று முடிவு செய்தார். தண்ணீரைப் பார்த்தால் பிள்ளைகளுக்கு மனசு இளகிவிடுமாம். கிளம்புவதற்குள் ஒரு தடவையாவது தன் முகத்தைப் பார்த்து "அத்தா" என்று கூப்பிட்டுவிட்டால் போதும் என்று என்னிடம் வெட்கத்தோடு சொன்னார். எனக்கு அந்தத் தண்ணீர் வைத்தியத்தில் நம்பிக்கை இல்லை. அடுப்படிக்கு ஒரு வாரம் லீவு என்று நானும் கிளம்பிவிட்டேன்.

நண்பர் ஒருவரின் காரை வாங்கிக்கொண்டு முதலில் தரங்கம்பாடிக்குப் போனோம். கோட்டையை யாரும் பார்க்கவில்லை, நேரே கடல்தான். அவர் கால்சட்டையை மடித்துவிட்டு முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு, வா என்று கையை நீட்டினார். அவளும் ஆசையாகத்தான் இறங்கினாள். அலை வந்ததும் அந்தக் கையைத் தாண்டி ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் அவர் குனிந்து ஒரு கிளிஞ்சலைப் பொறுக்கினார். சுண்டல் வாங்கிக் கொடுத்தார். அது என் வழியாகத்தான் அவளிடம் போனது.

அடுத்தது முத்துப்பேட்டை. அலையாத்திக் காட்டுக்குள் படகில் போவதற்கு ஆரஞ்சு நிறச் சட்டை மாட்டிவிட்டார்கள். மூன்று பேரும் அதே சட்டையோடு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தால் எந்த ஊர்க்காரர்களும் எங்களை ஒற்றுமையான குடும்பம் என்றுதான் சொல்லியிருப்பார்கள். காட்டுக்குள் இறங்கி நடக்கும் இடத்தில், பலகைப் பாதையில் வராமல் குறுக்கே சேற்றில் கால் வைத்தார் இவர். முழங்கால் வரை உள்ளே போய்விட்டது. காலை எடுத்தால் செருப்பு வரவில்லை. இரண்டு பேர் பிடித்து இழுத்துத்தான் ஆளையே மீட்டோம். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், என் முதுகுக்குப் பின்னால் நின்றபடி. அவர் ஒற்றைச் செருப்போடு திரும்பி வந்தார். அவள் சிரித்துவிட்டாள் என்பதில் அவருக்கு வாயெல்லாம் பல். ஒரு செருப்புக்கு இவ்வளவு கிடைக்கிறதென்றால் இன்னொன்றையும் விட்டுவிட்டு வாருங்கள் என்றேன்.

மேட்டூர் நிரம்பியிருந்ததால் அந்த வருஷம் அணையை முன்னதாகவே திறந்துவிட்டார்கள். தண்ணீர் கல்லணைக்கு வந்துவிட்டது என்று கேள்விப்பட்டதும் மறுநாளே அங்கே போனோம். பாலத்தின் மேல் திருவிழாக் கூட்டம். மதகுகளின் அடியில் தண்ணீர் நுங்கும் நுரையுமாகப் போய்க்கொண்டிருந்தது. அவள் அதைப் படம் பிடித்தாள். பக்கத்தில் நின்றுகொண்டிருந்த அவருடைய சட்டைப் பையில் போன் சிணுங்கியது. எடுத்துப் பார்த்தார். அவள்தான் அனுப்பியிருந்தாள். "சூப்பரா இருக்கு" என்று அவர் போனைப் பார்த்துச் சொன்னார், அவளைப் பார்த்து அல்ல. அந்த இரண்டு போனையும் பிடுங்கித் தண்ணீரில் எறிந்துவிடலாமா என்று எனக்கு ஆத்திரம் வந்தது. வறுத்த மீன் வாங்கித் தின்றுவிட்டுத் திரும்பினோம்.

வழியில்தான் அவர் ஒரு கணக்கைப் போட்டார். எங்கள் ஊரைத் தொட்டுக்கொண்டு போவது வெட்டாறு. கல்லணையில் வெண்ணாறாகப் பிரிந்து, அதிலிருந்து வெட்டாறாகப் பிரிந்து வருவது. இன்றைக்கு இங்கே விட்டால், நாளை மறுநாள் காலை நம் ஊர்ப் பாலத்துக்கு வந்துவிடும் என்றார். சின்ன வயதில் வருஷா வருஷம் புதுத் தண்ணீர் வருகிற அன்று ஊர்ப் பிள்ளைகள் எல்லோரும் காய்ந்த ஆற்றுக்குள் வரிசையாக நிற்பார்களாம். தண்ணீர் வந்து காலை நனைக்கும் வரை யாரும் அசையக் கூடாது. அசைந்தவனை அந்த வருஷம் முழுக்கக் கேலி செய்வார்களாம். பேசும்போது அவர் கண்ணாடியில் பின் சீட்டைப் பார்த்துக்கொண்டே ஓட்டினார். அவள் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தாலும் காது இங்கேதான் இருந்தது.

வழக்கமாகப் புதுத் தண்ணீர் வரும்போது பள்ளிக்கூடம் திறந்திருக்கும். அதனால் ஆற்றங்கரை ஊரில் பிறந்தும் அவள் அதைப் பார்த்ததில்லை. அவர் சொன்ன நாளில் விடியற்காலையிலேயே எழுந்து தேங்காய்ச் சோறு ஆக்கி, கறி பொரித்து எடுத்துக்கொண்டு பாலத்துக்குப் போனோம். அவர் தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்ததால் இன்னும் பத்துப் பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். இரண்டு விவசாயிகள் பூவும் விதைநெல்லும் கொண்டுவந்திருந்தார்கள். ஆற்றுக்குள் ஆடு மேய்ந்தது. இவர் மூக்கை உறிஞ்சி, ஈர மணல் வாசம் வருகிறது, வந்துவிட்டது என்றார். அது மார்க்கெட் பக்கத்துச் சாக்கடை என்று நான் சொன்னேன். வெயில் ஏறியது. தேங்காய்ச் சோறு தீர்ந்தது. கடைசியில் ஒருவர் யாருக்கோ போன் போட்டுக் கேட்டுச் சொன்னார்: முறை வைத்து விடுகிறார்களாம், இப்போது காவிரிக்கு விட்டிருக்கிறார்களாம், வெண்ணாற்றுக்கு அப்புறம்தானாம். கல்லணையில் நாங்கள் பார்த்ததெல்லாம் காவிரிக்குப் போகிற தண்ணீர். அத்தனை பேரும் வயலும் வாய்க்காலுமாக வளர்ந்தவர்கள். ஒருத்தருக்குக்கூட எந்த ஆற்றுக்கு விட்டிருக்கிறார்கள் என்று கேட்கத் தோன்றவில்லை.

எல்லோரும் அவரைக் கிண்டல் செய்துவிட்டுக் கலைந்தார்கள். அவர் மட்டும் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து வெறும் மணலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஊருக்குத் தண்ணீர் வராதது அல்ல அவருடைய கவலை. எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அது வீட்டுக்கு வந்ததும் கோபமாகி மகள் மேல் திரும்பியது. வாயில் என்ன கொழுக்கட்டையா வைத்திருக்கிறாய், ஒரு வார்த்தை பேசினால் முத்து உதிர்ந்துவிடுமா, அந்த மனுஷர் போனால் திரும்ப எப்போது வருவாரோ என்று கத்திவிட்டேன்.

அவள் அழவில்லை. படுக்கையில் இருந்த தலையணையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு சொன்னாள்.

"அதுக்குத்தாம்மா பேசல. நேர்ல பேசிப் பழகிட்டா, அப்புறம் போயிடுவாங்க. போன்ல இருக்குற அத்தா எங்கயும் போக மாட்டாங்க."

நானும் கல்யாணமான புதிதில் அப்படி ஏதோ ஒரு கணக்கு வைத்துக்கொண்டுதான் அவரை வழியனுப்பினேன். பக்கத்தில் உட்கார்ந்து அவள் தலையை வருடினேன். அவரிடம் இதைச் சொல்லவில்லை. சொன்னால் அவர் விமானம் ஏற மாட்டார், அல்லது ஏறிவிட்டுக் காலமெல்லாம் அதையே நினைத்துக்கொண்டிருப்பார். இரண்டுமே எங்களுக்குக் கட்டுப்படியாகாது.

ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது. மத்தியானம் கிளம்ப வேண்டும். அவர் பெட்டியில் பொடி வகைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். தண்ணீர் நம் ஊர் எல்லைக்கு வந்துவிட்டது என்று ஊர் வாட்ஸப் குரூப்பில் யாரோ வீடியோ போட்டிருந்தார்கள். இந்த முறை வெட்டாறுதானா என்று நான் இரண்டு பேரிடம் விசாரித்துக்கொண்டேன். வெட்டாறேதான். பெட்டியை அப்படியே போட்டுவிட்டு மூன்று பேரும் பாலத்துக்கு நடந்தோம்.

கரையில் கூட்டம் நின்றது. அவர் யாரிடமும் சொல்லாமல் சரிவில் இறங்கி ஆற்றின் நடுவுக்குப் போய், மேற்கே பார்த்து நின்றுகொண்டார். ஏற்கெனவே சில பேர் அங்கே வரிசை கட்டியிருந்தார்கள். எல்லோரும் தலை நரைத்தவர்கள்.

எங்கள் ஆற்றில் புதுத் தண்ணீர் வெள்ளமாக வராது. மாதக்கணக்கில் காய்ந்து கிடந்த மணல் குடித்தது போக மிஞ்சியதுதான் முன்னால் வரும். சருகையும் நுரையையும் பாட்டில்களையும் தள்ளிக்கொண்டு, ஆள் நடக்கிற வேகத்தில், கணுக்கால் உயரத்துக்கு ஊர்ந்து வரும். இது கரையில் நின்ற எல்லோருக்கும் தெரியும். என் மகளுக்குத் தெரியாது. அவள் பார்த்த வெள்ளமெல்லாம் போனில் பார்த்தவை; காரையும் மாட்டையும் அடித்துக்கொண்டு போனவை.

வளைவில் தண்ணீர் தெரிந்தது. கரையில் இருந்தவர்கள் கூவினார்கள். ஒருவர் பூவைத் தூவினார். எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் கையேந்தி துஆ செய்தார். அவள் என் முதுகுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். தண்ணீரைப் பார்த்தாள், நடு ஆற்றில் அசையாமல் நிற்கிற அவரைப் பார்த்தாள். முகம் வெளிறிப்போயிற்று. ஒண்ணும் ஆகாது என்று சொல்ல நான் வாய் திறப்பதற்குள் என்னை விட்டுவிட்டுச் சரிவில் ஓடினாள்.

"அத்தா. தண்ணி வருது. மேல ஏறுங்க."

அவர் திரும்பவில்லை. அவ்வளவு சத்தமாக அவள் கத்தி நான் கேட்டதே இல்லை. பாலத்தின் மேல் நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் காதில் விழாமல் இருக்க வழியே இல்லை.

"அத்தா, சொல்றேன்ல. வாங்க அத்தா."

அப்போதும் அவர் நின்றார். தண்ணீர் வந்து அவர் காலைச் சுற்றிக்கொண்டு போயிற்று. கணுக்கால்கூட முழுகவில்லை. அவள் தண்ணீரைக் குனிந்து பார்த்தாள், அவரை நிமிர்ந்து பார்த்தாள். ஏமாந்துவிட்டோம் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. சளசளவென்று தண்ணீரை மிதித்துக்கொண்டு போய் அவருடைய சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவர் அப்போதுதான் திரும்பினார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

நானும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினேன். பிள்ளையை இப்படிப் பயமுறுத்தலாமா, முதல் தடவை கூப்பிட்டபோதே வந்தால் என்ன என்று சண்டைக்குப் போனேன்.

"வந்திருந்தா ரெண்டாவது தடவை கூப்பிட்டிருப்பாளா?" என்றார்.

வீடு வரைக்கும் அவள் அவரைத் திட்டிக்கொண்டே வந்தாள். அறிவு இருக்கா, நீச்சல் தெரியுமா, பேண்ட்டெல்லாம் நனைந்துவிட்டதே, இதையேவா பிளைட்டில் போட்டுக்கொண்டு போவீர்கள் என்று ஒரு மாதத்துப் பேச்சையும் அந்தத் தெருவிலேயே கொட்டினாள். எல்லாம் அவர் முகத்தைப் பார்த்து. அவர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் தலையை ஆட்டிக்கொண்டு நடந்தார். நான் பின்னால் வந்தேன். இடையில் புகுந்து சொல்ல எனக்கு வேலை எதுவும் இல்லை.

ஏர்போர்ட்டில் அவர் உள்ளே போகிற நேரத்தில் அவள் அழுதாள். அவள் பயந்தது நடந்தேவிட்டது. அவரும் அழுதுகொண்டு பெட்டியைத் தள்ளினார். கண்ணாடிக் கதவை அவர் நெருங்கியபோது அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு சத்தமாகச் சொன்னாள்.

"அடுத்த தடவை தண்ணி விடுறப்ப வந்துடணும். ஆனா ஆத்துக்குள்ள எறங்கக் கூடாது."

வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

"சரிங்கம்மா" என்றார் அவர்.