ஒரு சொட்டு நன்மை

பூசை முடிந்து எல்லோரும் கலைந்த பிறகும் அப்பா முழங்காலிலிருந்து எழவில்லை. சில வாரங்களாக ஞாயிறுதோறும் அப்படித்தான் நடந்தது. வயதாக ஆகப் பக்தி கூடுகிறது என்று நினைத்துக்கொண்டு, என் மகள் ஜெனியுடன் கோயில் வாசலில் காத்திருப்பேன். உண்மையில், அவர் வாங்கிய நன்மை (ஆண்டவரின் உடலென்று நம்பி, பூசையில் குருவானவர் கையால் வாங்கும் மெல்லிய அப்பம்) நெஞ்சில் நின்றுகொண்டிருந்தது. அது இறங்கும்வரை அவரால் எழ முடியவில்லை.

சோறு சிக்கியதை அவர் பொருட்படுத்தவில்லை. குழைய வடிக்கச் சொன்னார், பிறகு கஞ்சிக்கு மாறினார். கேட்டால் வாயு என்றார். அந்த மெல்லிய அப்பமே ஒருநாள் எதுக்களித்து வாய்க்கு வந்தபோதுதான் ஆடிப்போனார். கைக்குட்டையால் வாயைப் பொத்தியபடி வெளியே வந்தார்.

"ஏட்டி செல்வி, ஆண்டவர் எனக்குள்ள எறங்க மாட்டேங்காரு. என்ன பாவம் செஞ்சேன்னு தெரியல."

அப்பா கோவில்பட்டியில் ஒரு பஞ்சாலையில் ஃபிட்டராக இருந்தவர். ராத்திரி ஷிப்ட் முடிந்ததும் நேராகக் காலைப் பூசைக்குப் போவார். தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருக்கும். அம்மா இறந்த பிறகு எங்களோடு இருந்தார். ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டால் வர மறுத்து, பாவசங்கீர்த்தனம் (குருவிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறுவது) செய்யப் போனார். திரும்பி வந்து, "சாமி என்னை வைதுட்டாரு. இது பாவமில்ல, சீக்கு, டாக்டரைப் போய்ப் பாரும்னுட்டாரு" என்றார். அவர் முகம் தெளிந்திருந்தது.

திருநெல்வேலியில் எண்டோஸ்கோபி (கேமரா பொருத்திய மெல்லிய குழாயை வாய்வழியே விட்டு உள்ளே பார்க்கும் சோதனை) செய்தார்கள். சதைத் துணுக்கு எடுத்துச் சோதித்ததில் உணவுக்குழாயில் புற்று என்று உறுதியானது. மருத்துவர் அதை அப்பாவிடமே பக்குவமாகச் சொன்னார். அப்பா கேட்டது ஒன்றுதான்.

"வார மே மாசம் பேத்திக்குப் புதுநன்மை. மொத மொதல்ல நன்மை வாங்கப் போறா. அவகூட நானும் வாங்கணும். முடியுமாம்மா?"

"முயற்சி பண்ணுவோம் ஐயா. உறுதி சொல்ல என்னால முடியாது."

கதிர்வீச்சுக்காகக் கயத்தாறு வழியே தினமும் காரில் போய் வந்தோம். ஐப்பசி மழையில் கரிசல் ஊறிக் கிடந்தது. கண்ணாடியை இறக்கிவிட்டு, முளைத்திருந்த மக்காச்சோளத்தைப் பார்த்துக்கொண்டே செபமாலை உருட்டுவார். உங்கள் வீட்டிலும் யாருக்காவது இந்தச் சிகிச்சை என்றால் ஒன்றைச் சொல்ல வேண்டும். எரிச்சல் கடைசி வாரங்களில்தான் உச்சத்துக்கு வந்தது. சிகிச்சை முடிந்த பின்னும் கொஞ்ச நாள் நீடித்தது. நோய் முற்றிவிட்டது என்று பதறினோம். அது கதிர்வீச்சால் வந்த புண் என்றும், மெல்ல ஆறும் என்றும் மருத்துவர் விளக்கினார். ஆறவும் செய்தது. கிறிஸ்துமஸ் அன்று அப்பா சாம்பாரில் ஊறிய இட்லி சாப்பிட்டார். நாங்கள் சாப்பிடாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

பங்குனியில் மறுபடி அடைத்துக்கொண்டது. வயிற்றில் சிறு துளையிட்டுக் குழாய் வைத்தார்கள். வடிகட்டிய கஞ்சியை அதன் வழியே ஊற்றுவேன். ஒவ்வொரு முறையும் அப்பா சிலுவை அடையாளம் வரைந்துகொள்வார்.

"தாத்தா, வாய்தான் சாப்பிடலையே, எதுக்குச் செபம்?" என்று ஜெனி கேட்டாள்.

"வயிறு சாப்பிடுதுல்லா, அதுக்குத்தான்" என்றார்.

மே மாதம் நெருங்கியது. அப்பம் மூச்சுக்குழாய்க்குள் போனால் நிமோனியா (நுரையீரல் அழற்சி) வரும் என்று மருத்துவர் மறுத்துவிட்டார். அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். ஜெனியின் வெள்ளைக் கவுனைக் காட்டினோம், திரும்பவில்லை. செய்தி கேட்டு, எங்கள் கோயில் குருவானவரான பங்குச்சாமி வீட்டுக்கே வந்து கட்டிலில் உட்கார்ந்தார்.

"பெரியவரே, அப்பம் வேண்டாம். திராட்சை இரசம் ஒரு சொட்டு போதும், அதுவும் நன்மைதான். அந்தச் சொட்டுலயும் ஆண்டவர் முழுசாத்தான் இருக்காரு."

ஒரு சொட்டு என்றால் நாக்கில் விடலாம் என்று மருத்துவரும் போனில் சம்மதித்தார்.

புதுநன்மை அன்று, கோயிலில் நன்மை வாங்கிய பிள்ளைகள் எல்லாம் தங்கள் இடத்துக்குத் திரும்பினார்கள். ஜெனி மட்டும் தாத்தாவின் சக்கர நாற்காலி பக்கம் போய் நின்றாள். சாமி படியிறங்கி வந்து சின்னக் கரண்டியால் அவர் நாக்கில் இரசத்தைச் சொட்டினார். அப்பா வாயை மூடிக்கொண்டார். இருமலுக்குப் பயந்து நான் துண்டோடு நின்றேன். குரல்வளை அசைந்தது, நின்றது, மறுபடி அசைந்தது.

"எறங்கிட்டு" என்றார். "ஏட்டி, எறங்கிட்டு."

ஆவணியில், ஒரு மத்தியான வேளையில், என் மடியில் சாய்ந்தபடி அடங்கிப்போனார்.

கடைசி மாதங்களில் மாலைச் செபமாலையை அவர் மூச்சுக்குத் தக்கபடி சொல்லப் பழகியிருந்தோம். ஒவ்வொரு வரிக்கும் நடுவே, அவர் விழுங்க முடியாத எச்சிலைத் துப்பிவிட்டு வந்து சேர்ந்துகொள்ள இடம் விடுவோம். இப்போது விட வேண்டியதில்லை. ஆனால் வேகமாகச் சொல்ல எனக்கு வரவில்லை. என் மூச்சு அவருடைய மூச்சின் அளவுக்கு ஆகிவிட்டது. விருந்தாளிகள் வந்தால் தடுமாறுகிறார்கள். அவர்கள் முன்னே போய்விடுகிறார்கள்.

நேற்றும் பாதி வரியில் நின்றேன். ஜெனியும் நின்றிருந்தாள். அவரவர் செபமாலை மணியைப் பிடித்தபடி கொஞ்சம் பொறுத்திருந்தோம். பிறகு மீதியைச் சொன்னோம்.