வகுப்பில் பேசவும்

இன்ஸ்டாகிராமை நேருக்கு நேர் நின்று தோற்கடித்த ஒரே மனிதர் இந்த பூமியில் போடிநாயக்கனூரில்தான் இருந்தார். அமெரிக்காவில் அந்தக் கம்பெனி முதலாளி காலையில் எழுந்து பல் விளக்குவதற்கு முன்னால், "சோலைமலை சார் இன்னிக்காவது யாருக்காவது லைக் போட்டாரா?" என்றுதான் கேட்பார். இல்லை என்று தெரிந்தால் அங்கே இரண்டு பேருக்கு வேலை போகும். இதையெல்லாம் வகுப்பில் கிளப்பிவிட்டது நான்தான். ஆனாலும் பாதி உண்மை.

சோலைமலை சார் எங்களுக்கு வணிகவியல் எடுத்தார். ஊருக்கு வெளியே ஒரு தனியார் கல்லூரி, பெயர் வேண்டாம். நான் அங்கே முதலாம் ஆண்டு மட்டும் போனேன், அதையும் முடிக்கவில்லை. இப்போது பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் கடையில் கண்ணாடி ஒட்டுகிறேன்.

அட்மிஷன் விளம்பரத்துக்காக ஆசிரியர்கள் எல்லோரும் கணக்குத் தொடங்க வேண்டும் என்று கல்லூரி உத்தரவு போட்டது. சாரும் தொடங்கினார். முகம் இருக்க வேண்டிய வட்டத்துக்குள் கல்லூரி அறிவிப்புப் பலகையை வைத்தார். அதில் ஒட்டியிருந்த தேர்வு அட்டவணையும் போன வருடத்தது. மாணவர்கள் யார் என்ன அனுப்பினாலும் ஒரே பதில்தான்: "வகுப்பில் பேசவும்." பிறந்தநாள் வாழ்த்துக்கும் அதே பதில். மறுநாள் வகுப்பில் பெயர் சொல்லாமல் பதில் சொல்வார்.

"நேத்து ஒருத்தர் இன்டர்னல் மார்க் எப்பன்னு கேட்டிருந்தார். புதன்கிழமை. இன்னொருத்தர் சாப்டீங்களான்னு கேட்டிருந்தார். சாப்ட்டேன்."

அந்த இன்னொருத்தர் நான்.

ஆசிரியரும் மாணவரும் தனியாகச் செய்தி அனுப்பிக்கொள்ளக் கூடாது என்று கல்லூரிக்கு விதி எழுதிக் கொடுத்ததும் அவர்தான். விஜயபாண்டி சார் மட்டும் அதைப் படித்துவிட்டுச் சிரித்தார். அவர் மாணவர்களோடு குத்தாட்டம் போட்டு ரீல்ஸ் விடுகிறவர். கல்லூரிப் பக்கத்தைவிட அவர் பக்கத்துக்கு ஆள் அதிகம்.

ஒரு நாள் வகுப்பில் சார், "ஏலக்கா வரத்து எந்த மாசத்துல கூடும்?" என்று கேட்டார். நான் எழுந்து, "எல்லா மாசமும் ஒண்ணுதான் சார். வருசம் பூரா எடுப்பாங்க. எங்கம்மா ஸ்டோர்ல வருசம் பூரா காய் பொறுக்குதே" என்றேன். ஏலக்காய் ஸ்டோரில் எங்கம்மாவின் வேலை, மூட்டையில் வரும் காயைத் தரம் பிரிப்பது. மலையிலிருந்து வந்து படிக்கும் பெண்கள் வரிசை மொத்தமும் சிரித்தது. பவித்ரா என்ற பெண் திரும்பிப் பார்த்து, "ஆடி வாக்குல எடுக்க ஆரம்பிச்சா தையோட சரி. வெயில் காலத்துல செடில உன் தலையா தொங்கும்?" என்றாள். அவளுடைய அப்பாவும் அம்மாவும் இடுக்கிப் பக்கம் ஏலக்காய் எஸ்டேட்டில் வேலை பார்த்தார்கள்.

"விடும்மா," என்றார் சார். "போடிக்காரன் ஏலக்காயச் சாக்குலதான் பாத்திருப்பான்."

சிரிப்பு என் காதில் அப்படியே நின்றுவிட்டது. எந்த மாதம் என்பது மட்டும் மண்டையில் நிற்கவில்லை.

பொங்கலுக்கு மலைக்குப் போன பவித்ரா திரும்பி வரவில்லை. லீவு முடிவதற்கு இரண்டு நாள் முன்னால் சாருக்கு ஒரு செய்தி அனுப்பியிருக்கிறாள். "சார், உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும், அவசரம்." சார் வழக்கம்போல, "வகுப்பில் பேசவும்" என்று பதில் போட்டிருக்கிறார். வகுப்பு திறந்தபோது அவளுக்குக் கல்யாணம் முடிந்திருந்தது. பக்கத்து எஸ்டேட்டுக்குக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். அவளுடைய தோழி சுப்புத்தாய் அழுதுகொண்டே இதைச் சொன்னபோது நானும் வகுப்பில் இருந்தேன். சார் சாக்பீஸை மேசையில் வைத்துவிட்டு வெளியே போனார். மணி அடிக்கும்வரை வரவில்லை. அடுத்த மாதம் நான் படிப்பை விட்டேன். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. எனக்கு நாலு பாடத்தில் அரியர்.

சுஜிதா பிறந்தது சித்திரை மாதம், எங்கள் கடையில், ஒரு மத்தியானம். இன்ஸ்டாகிராமில் ஒரு பொய்க் கணக்கு, ரோஜாப்பூப் படம், "மலைக்குருவி" என்று ஒரு அடைமொழி. என் கூட்டாளி பிரபு, "சாரை ஒரு வார்த்தை கூடுதலா பேச வச்சிட்டின்னா உனக்குப் புரோட்டா" என்றான். சாயங்காலம் நான் எழுதினேன். சார், நான் வேற டிபார்ட்மெண்டு, பர்ஸ்ட் இயர். வீட்ல படிப்ப நிறுத்தி மாப்ள பாத்துட்டாங்க. காலைலேருந்து ஏலக்கா எடுத்துட்டு இப்பத்தான் லயத்து வீட்டுக்கு வந்தேன். எனக்கு யாருமில்ல சார்.

பவித்ரா கதை தெரிந்துதான் எழுதினேன். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொன்னால் அது இன்னொரு பொய்.

பத்து நிமிடம் ஒன்றும் வரவில்லை. "வகுப்பில் பேசவும்தான் வரப்போகுது, புரோட்டா போச்சு" என்று பிரபு கொட்டாவி விட்டான். அப்புறம் வந்தது.

"பயப்படாதே. வீட்டில் யாரிடமும் இப்போது எதுவும் சொல்லாதே. எந்த எஸ்டேட் என்று மட்டும் சொல். காலையில் முதல் ஜீப்பில் நான் வருகிறேன். உன் படிப்பு நிற்காது."

வாய்க்கு வந்த ஒரு எஸ்டேட் பெயரை அடித்துவிட்டேன். பிரபு போனைப் பிடுங்கிப் படம் எடுத்தான். என் செய்தியையும், சார் பதிலில் முதல் வரியையும் கடைசி வரியையும் வெட்டினான். மிச்சம் இருந்தது இவ்வளவுதான்: யாரிடமும் சொல்லாதே, எந்த எஸ்டேட், நான் வருகிறேன். மேலே சாரின் பெயர், அறிவிப்புப் பலகைப் படம். கீழே "பாவம் சுஜிதா" என்று பிரபு எழுதினான்.

"சும்மா நம்ம குரூப்புக்கு மட்டும்டா மாப்ளே," என்றான்.

மறுநாள் மத்தியானத்துக்குள் போடியில் அதை ஸ்டேட்டஸ் வைக்காத ஆள் இல்லை. எங்கம்மா சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது போனை என்னிடம் நீட்டியது.

"இந்தாளுகிட்டயா நீ படிச்ச? பாத்தா நல்லவரு மாதிரில்ல இருப்பாரு. நல்லவேளை, நின்னுட்ட."

நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். பிறகு கைகழுவிவிட்டு வந்து சுஜிதாவை அழித்தேன். பூவும் குருவியும் போய்விட்டன. சாரின் வார்த்தைகள் மட்டும் ஊரெல்லாம் இருந்தன.

அந்த நேரத்தில் சார் மலையில் இருந்தார். விடியற்காலை வேலையாட்களை ஏற்றிப் போகும் ஜீப்பில் நெருக்கியடித்து உட்கார்ந்து போடிமெட்டு தாண்டிப் போயிருக்கிறார். அங்கே அவர் போனுக்கு டவர் கிடைக்கவில்லை. லயம் லயமாக, தொழிலாளர் வரிசை வீடுகளுக்கெல்லாம் போய் "சுஜிதான்னு ஒரு புள்ள" என்று விசாரித்திருக்கிறார். இல்லாத பெண்ணை ஒருவர் ஒரு பகல் முழுக்கத் தேடினார். இருட்டுவதற்கு முன்னால் போடியில் வந்து இறங்கியபோது ஜீப் ஸ்டாண்டில் ஒருவன், "என்ன சார், சுஜிதா கெடச்சாளா?" என்று கேட்டான்.

கல்லூரியில் விசாரணைக் குழு போட்டார்கள். அதில் விஜயபாண்டி சாரும் ஒருவர். சார் தன் போனில் இருந்த முழு உரையாடலையும் காட்டினார். பதிவேட்டில் சுஜிதா என்று யாரும் இல்லை, பயத்தில் பெயரை மாற்றியிருப்பாள், அந்தப் பெண்ணைக் கூட்டி வாருங்கள் என்றார்கள். எங்கிருந்து கூட்டி வருவார்? கணக்கை அழித்துவிட்டு ஓடும் அளவுக்கு ஒரு பிள்ளையை மிரட்டியிருக்கிறார் என்று எழுதிக்கொண்டார்கள். அப்புறம் அவரே எழுதிய விதியை அவர் முன்னால் வைத்து, மீறினீர்களா இல்லையா என்று கேட்டார்கள். மீறினேன் என்று சொன்னாராம். கடைசி விசாரணை வரைக்கும் வேலைக்கு வர வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். சுஜிதா பெயரில் எழுதியது நான்தான் என்று யாராவது வந்து சொன்னால் ஒழிய, அதோடு அவர் வாத்தியார் வேலை முடிந்தது. வேறு எந்தக் கல்லூரியும் அவரைச் சேர்க்காது.

சார் பக்கத்து ஊரான சிலமலையில் மச்சினன் மொக்கச்சாமியின் உரக்கடையில் உட்கார்ந்தார். மூட்டை வாங்க வருகிறவர்கள் முகத்துக்கு முன்னால் அண்ணே என்பார்கள். நாலு எட்டு தள்ளிப் போனதும் "சுஜிதா வாத்தியாரு" என்பார்கள். அவருடைய வீட்டம்மா ஈஸ்வரி ரேஷன் கடைக்குக்கூட வெளியே வருவதில்லை என்று கேள்விப்பட்டேன்.

சொல்லிவிடலாம் என்றுதான் நான் சிலமலைக்குப் பஸ் ஏறினேன். முதல் தடவை மண்புழு உரம் ஒரு பை வாங்கிக்கொண்டு திரும்பினேன். இரண்டாவது தடவை வேப்பம் புண்ணாக்கு. மூன்றாவது தடவை பூச்சி மருந்து. அது எந்தப் பூச்சிக்கு என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கடைசி விசாரணை திங்கட்கிழமை என்று தெரிந்ததும் சனிக்கிழமை நான்காவது தடவையாகப் போனேன்.

கடையில் சார் மட்டும் இருந்தார். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. சட்டை மட்டும் வகுப்புக்கு வருகிற மாதிரியே இஸ்திரி போட்டிருந்தது.

"வா ஜெகதீசு. இன்னிக்கு என்ன வேணும்?"

"மண்புழு உரம் சார். ரோஜாச் செடிக்கு."

"எங்க வச்சிருக்க?"

"மாடில சார்."

"நீங்க இருக்கறது ஓட்டு வீடுல்ல."

என்னமோ ஒன்றைச் சொல்லியாக வேண்டும் என்று, "சார், எவன் இந்த வேலையப் பாத்தான்னு கண்டுபிடிச்சிரலாம் சார். எனக்கு செல்லு ரிப்பேரு பண்ற ஆளு ஒருத்தர தெரியும். அழிச்ச ஐடியக்கூட எடுத்துருவாரு. வெரசா முடிச்சிரலாம்" என்றேன்.

சார் ஒரு பையை எடுத்து உரத்தை அள்ளிப் போட்டார். வாயைச் சுருட்டிக் கயிறு கட்டினார். அவசரமே இல்லை.

"அன்னிக்கு மலைல நாலாவது லயத்துல ஒரு அம்மா தண்ணி குடுத்துச்சு," என்றார். "காலைலேருந்து காய் எடுத்த புள்ளன்னு சொல்லி வெவரம் கேட்டேன். அந்தம்மா சிரிச்சிருச்சு. சித்திரையில யாரு சார் கா எடுக்கா, இப்பச் செடிக்குத் தண்ணி ஊத்தற சோலிதான, உங்கள எவனோ ஏமாத்திருக்கான்னுச்சு. படிச்சப்ப எனக்கு அது தோணல. பவித்ரா மொகந்தான் தெரிஞ்சுச்சு."

"அப்ப... அன்னிக்கே தெரியுமா சார்?"

"ஜீப்புல எறங்கி வரும்போதே தெரியும்."

"பெறகு ஏன் சார் கமிட்டில சொல்லல?"

"என்னன்னு சொல்ல? ஒரு பயல் மேல சந்தேகம்னா? போலீசுக்கு எழுதிருவாங்க. தானா வருவான்னு பாத்தேன். வந்தான். உரம் வாங்கிட்டுப் போனான்."

பையை என் பக்கம் தள்ளினார். நான் அதை எடுக்கவில்லை. வெளியே போடி பஸ் வந்து நின்று, ஹாரன் அடித்துவிட்டுப் போனது.

"திங்கக்கெழம பத்து மணிக்கு," என்றார் சார். பிறகு என் முகத்தை நேராகப் பார்த்து, வகுப்பில் கேட்கிற அதே குரலில் கேட்டார்: "உங்கம்மா இன்னும் அந்த ஸ்டோர்லதான் காய் பொறுக்குதா? வருசம் பூரா?"