அஞ்சு நாள் நிறுத்திட்டு வாங்க

1. முதல் நாள்

பழவங்காடியில் பல் கிளினிக் வேலைக்கு நான் சேர்ந்த முதல் நாளே ஒரு மனிதருக்கு ரத்தம் நிற்கவில்லை.

என்னைச் சேர்த்தது தரை துடைக்கவும் கருவிகளைக் கொதிக்க வைக்கவும். நாகர்கோவில் பக்கத்தில் எட்டாம் வகுப்பு படித்தேன், அதையும் முழுதாக முடிக்கவில்லை. அன்று மத்தியானம், காலையில் கடைவாய்ப்பல் எடுத்துக்கொண்டு போன ஒரு வக்கீல் குமாஸ்தா, வாயில் துண்டை அடைத்துக்கொண்டு படியேறி வந்தார். துண்டு முழுக்கச் சிவப்பு. டாக்டர் சாப்பிட வீட்டுக்குப் போயிருந்தார். நர்ஸ் ஃபோனைத் தேடி ஓடினாள். நான் கையைக் கழுவினேன். காஸ் துணியை நாலாக மடித்துப் பல் எடுத்த குழியில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினேன். யாரும் சொல்லித் தரவில்லை. ஓட்டைக் குழாயைப் பார்த்தால் கை தானாகப் போய் அடைக்கும் இல்லையா, அப்படித்தான்.

டாக்டர் வருகிற வரை இருபது நிமிஷம் விரலை எடுக்கவில்லை. ரத்தம் நின்றுவிட்டிருந்தது. அவர் குமாஸ்தாவின் வாயைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "எடோ, நின்டெ பேரு எந்தா?" என்று மலையாளத்தில் கேட்டார். காலையில் வேலைக்குச் சேர்த்தவர் அவர்தான். பெயரை அப்போதுதான் கேட்டார்.

அந்தக் குமாஸ்தா இருதயத்துக்காக ரத்தம் உறையாமல் வைக்கிற மாத்திரை சாப்பிடுகிறவர். நாங்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அன்று முதல் டாக்டர் ஒரு சட்டம் போட்டார். பல் எடுக்க வருகிறவரிடம் முன்னாலேயே கேட்க வேண்டும். அந்த மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால் ஐந்து நாள் நிறுத்திவிட்டு வரச் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் பல இடத்திலும் அதுதான் வழக்கம். ஃபோனில் கேட்டுச் சொல்லும் வேலை எனக்கு வந்தது.

2. என்னைப் பற்றிக் கொஞ்சம்

இந்த வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் படிக்க வேண்டும் என்று எழுதுகிறேன். அதனால் நான் யார் என்றும் தெரிய வேண்டும்.

நாற்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. சாலைக் கடைத்தெரு, கோட்டை, தம்பானூர் என்று இந்த ஊரில் பாதிப் பேருடைய வாயை நான் பார்த்திருக்கிறேன். பல் வலி என்று தாடையைப் பிடித்துக்கொண்டு ஒருவர் உள்ளே வந்தால், எந்தப் பல் என்று உட்காரும் முன்பே சொல்லுவேன். பத்தில் எட்டு சரியாக இருக்கும். டாக்டர் கை நீட்டுவதற்குள் பல் பிடுங்க எந்த ஃபோர்செப்ஸ் வேண்டுமோ அது என் கையில் இருக்கும். பட்டம் வாங்கி நேராக வந்த பிள்ளைகள் டாக்டருக்குத் தெரியாமல் என்னிடம் வந்து, "சேட்டா, இந்த வேர் வளைஞ்சிருக்கோ?" என்று எக்ஸ்ரேயைக் காட்டியது உண்டு. ஒரு நாற்காலி இருந்த கிளினிக் மூன்று நாற்காலி ஆயிற்று. மேனேஜர் என்று போர்டு வைத்த மேஜையில் உட்கார்ந்தேன். கரமனையில் வீடு கட்டினேன். யாருடைய சிபாரிசும் இல்லை.

இதையெல்லாம் சொல்லக் காரணம் இருக்கிறது. நான் ஃபோனில் ஒரு வார்த்தை சொன்னால் சாலைக் கடைக்காரர்கள் அதை டாக்டர் சொன்னதாகவே எடுத்துக்கொள்ளுவார்கள். சில பேருக்கு டாக்டர் சொன்னாலும் நான் ஒருமுறை சொன்னால்தான் நம்பிக்கை.

3. சட்டம் மாறியது

டாக்டருக்குப் பிறகு அவருடைய மகள் பொறுப்பு எடுத்தார். வந்த இரண்டாவது வாரம் என்னைக் கூப்பிட்டார்.

"ஆறுமுகம் சேட்டா, இனி யாரையும் மாத்திரை நிறுத்தச் சொல்லக் கூடாது, கேட்டோ?"

"ரத்தம் நிக்காதே மேடம்."

"ரத்தம் வந்தா நம்ம கையில தையல் உண்டு, காஸ் உண்டு, மருந்து உண்டு. மாத்திரை நிறுத்தி மூளையிலயோ இருதய வால்வுலயோ ரத்தம் கட்டிப்போனா நம்ம கையில என்ன உண்டு? மாத்திரை எழுதின டாக்டர்கிட்ட நான் பேசிக்கறேன். ஐஎன்ஆர் டெஸ்ட் எடுத்துட்டு வரச் சொன்னா மதி, அது போதும்."

ஐஎன்ஆர் என்பது அந்த மாத்திரை ரத்தத்தை எவ்வளவு நீர்க்க வைத்திருக்கிறது என்று காட்டுகிற எண். சாதாரண ஆளுக்கு ஒன்றுக்குப் பக்கத்தில் இருக்கும். மாத்திரை சாப்பிடுகிறவருக்கு எவ்வளவு இருக்க வேண்டும் என்பதை இருதய டாக்டர் தீர்மானிப்பார்.

சரி என்று தலையாட்டினேன். புதிதாக வருகிறவர்களிடம் மேடம் சொன்னபடியே சொன்னேன். பழைய ஆட்களிடம் என் பழைய சட்டத்தையே சொன்னேன். மேடம் பிறந்தபோது கிளினிக்கில் லட்டு கொடுத்தவன் நான். குமாஸ்தாவின் வாயில் விரல் வைத்திருந்தவனும் நான். அவர் புத்தகத்தில் படித்திருக்கிறார், நான் ரத்தத்தைப் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு என் நினைப்பு அப்படி இருந்தது.

4. தாணு அண்ணாச்சி

சாலைக் கடைத்தெருவில் ஹார்டுவேர் கடை வைத்திருந்த தாணு அண்ணாச்சிக்கு இருதயத்தில் உலோக வால்வு பொருத்தியிருந்தது. "நான் விக்குத கீல்ல ஒண்ணை என் நெஞ்சுல மாட்டிருக்கான் வே. என் கடையில வாங்கியிருந்தா சகாயமா முடிஞ்சிருக்கும்" என்று எல்லோரிடமும் சொல்லுவார்.

அந்த வால்வு மூடும்போதெல்லாம் டிக் டிக் என்று சத்தம் வரும். வாயைத் திறந்தால் இன்னும் நன்றாகக் கேட்கும். பல் சுத்தம் செய்ய அவர் நாற்காலியில் சாயும்போது நான் அதைக் கேட்டுக்கொண்டுதான் எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடிப்பேன். கைக்கடிகாரத்தைக் காதில் வைத்தது போலிருக்கும்.

கீழ்க் கடைவாய்ப்பல் ஒன்று ஆட ஆரம்பித்து, எடுக்க வேண்டும் என்று மேடம் சொன்னார். செவ்வாய்க்கிழமை நாள் குறித்தோம். முந்தின புதன்கிழமை நான் ஃபோன் செய்தேன்.

"அண்ணாச்சி, அந்த ரத்த மாத்திரையை நாளையிலேர்ந்து அஞ்சு நாள் நிறுத்திட்டு வாங்க."

"டாக்டரம்மா சொன்னாவளா?"

"நான் சொல்றேன்."

"நீரு சொன்னா சரிதான் வே."

திங்கட்கிழமை சாயங்காலம், மறுநாள் ஹர்த்தால் என்று செய்தி வந்தது. ஹர்த்தால் என்றால் இங்கே ஆட்டோ ஓடாது, கடை திறக்காது. செவ்வாய்க்கிழமை பட்டியலில் இருந்த எல்லோருக்கும் உட்கார்ந்து ஃபோன் போட்டேன். புதன் முதல் சனி வரை மேடம் கோழிக்கோட்டில் ஒரு மாநாட்டுக்குப் போகிறார். அதனால் எல்லோரையும் அடுத்த திங்களுக்கு மாற்றினேன். அண்ணாச்சியிடமும், "திங்கக்கிழமை காலையில பத்து மணிக்கு வாங்க" என்றேன். "ஆகட்டும்" என்றார். அவ்வளவுதான் பேச்சு. ஒரே மூச்சில் பதினாலு பேருக்கு நாள் மாற்றிக் கொடுத்தேன் என்று அன்றைக்கு எனக்குப் பெருமை.

மாத்திரையைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. பல் எடுக்கும் வரை நிறுத்த வேண்டும் என்று அவர் புரிந்துகொண்டார். நான் சொன்னதற்கு வேறு எப்படிப் புரிந்துகொள்ள முடியும்?

5. சத்தம்

திங்கட்கிழமை அவர் படியேறும்போது இரண்டு இடத்தில் நின்றார். பின்னால் அவர் மனைவி பகவதி அக்கா பையைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"படியைக் கூட்டிக் கட்டிட்டேரா வே?" என்று மேல்மூச்சு வாங்கச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

நாற்காலியில் உட்கார வைத்துக் கழுத்தில் துணி கட்டக் குனிந்தேன். ஐஎன்ஆர் சீட்டைக் கேட்டு வாங்கி வைப்பது என் வேலை, நான் கேட்டிருக்கவில்லை. மேடம் மரத்துப்போகிற ஊசியை எடுத்துவிட்டார். "வாயைத் திறங்க" என்றார். அண்ணாச்சி திறந்தார்.

சத்தம் இல்லை.

சுத்தமாக இல்லை என்று சொல்ல முடியாது. அடியில் எங்கேயோ ஈரமரத்தில் தட்டுவது போல ஒன்று. டிக் என்ற கூர்மை இல்லை. எழுந்து போய், இரைந்துகொண்டிருந்த கம்ப்ரெஸரை அணைத்தேன். மேடம், "எந்தா சேட்டா?" என்றார். நான் கையைக் காட்டிப் பொறுக்கச் சொல்லிவிட்டு மறுபடியும் குனிந்து கேட்டேன். பிறகு வெளியே போனேன்.

"அக்கா, அண்ணாச்சி நெஞ்சுல அந்தச் சத்தம் வீட்டுல கேக்குதா?"

"ரெண்டு நாளா இல்லை ஆறுமுகம். அந்தக் கடியாரச் சத்தம் இல்லாம நானே இப்பதான் நல்லா உறங்குதேன். ஏன் கேக்கே?"

உள்ளே வந்து மேடத்திடம் சொன்னேன். அவர் ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு ஸ்டெதாஸ்கோப்பை எடுத்தார். கேட்டு முடித்து, "மாத்திரை சாப்பிடறீங்க இல்லே?" என்றார்.

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். பிறகு, "நானாத்தான் நிறுத்தினேன் டாக்டரம்மா. பல்லு எடுக்கணுமே. ஒரு அஞ்சு நாள்" என்றார்.

என்னைக் காப்பாற்ற நினைத்தார். அந்த அறையில் இருந்தது நாங்கள் மூன்று பேர். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் அப்படியே போயிருக்கும். ஆனால் இனி அவரைப் பார்க்கப் போகிற டாக்டர்கள் எத்தனை நாள் என்றுதான் முதலில் கேட்பார்கள், அதை வைத்துத்தான் மேற்கொண்டு செய்வார்கள் என்று எனக்குத் தெரியும். விரலை விட்டு எண்ணினேன்.

"அஞ்சு இல்லை மேடம். பதினொண்ணு. நிறுத்தச் சொன்னது நான்."

மேடம் கையுறையைக் கழற்றி எறிந்தார். இருதய டாக்டருக்கு ஃபோன் செய்தார். தன் காரிலேயே அண்ணாச்சியை ஏற்றினார். பின் சீட்டில் அக்காவுடன் நானும் உட்கார்ந்தேன்.

வால்வில் ரத்தம் உறைந்து, அதன் இரண்டு இதழில் ஒன்று அசையவில்லை என்று ஸ்கேனில் தெரிந்தது. கட்டியைக் கரைக்கிற மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். அந்த மருந்தால் மூளையில் ரத்தம் கசியவும் கூடும் என்று சொல்லிக் கையெழுத்து வாங்கினார்கள். அக்கா கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நீ சொன்னா வேதம்னு அவிய சொல்லுவாவ ஆறுமுகம்" என்றாள்.

இரண்டாம் நாளும் இதழ் அசையவில்லை. மூன்றாம் நாள் காலையில் அசைந்தது.

6. பல்

இரண்டு மாதம் கழித்து, இருதய டாக்டர் சம்மதம் கொடுத்த பிறகு, அதே பல்லை எடுத்தோம். மாத்திரை ஒரு நாள்கூட நிற்கவில்லை. அன்று காலை எடுத்த ஐஎன்ஆர் இரண்டே முக்கால். அவருக்கு வைத்திருந்த அளவுக்குள்தான் இருந்தது. வால்வில் கிருமி தங்காமல் இருக்க ஒரு மணி நேரம் முன்பே வேறொரு மாத்திரை கொடுத்திருந்தோம். மேடம் அவசரப்படாமல் பல்லை எடுத்தார். குழியில் தானாகக் கரைகிற பஞ்சை வைத்து இரண்டு தையல் போட்டார். ரத்தத்தைக் கட்டுகிற மருந்தில் நனைத்த காஸை என் கையில் கொடுத்தார்.

அழுத்தினேன். அரை மணி நேரம். முதல் நாள் குமாஸ்தாவுக்கு வைத்த அதே கட்டைவிரல். குமாஸ்தாவுக்கு வந்ததைவிட இவருக்குக் குறைவாகத்தான் ரத்தம் வந்தது. இத்தனை வருஷமாக ரத்தத்தைப் பார்த்தவன் நான் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். நான் பார்த்தது யாரும் கேட்காமல், தையல் போடாமல், வீட்டுக்கு அனுப்பிய ஒரு வாயின் ரத்தம். அந்த ஒன்றை வைத்துக்கொண்டு நாற்பது வருஷம் பேசியிருக்கிறேன்.

அண்ணாச்சியின் வாய் பாதி திறந்திருந்தது. டிக் டிக் கேட்டது. பேச முடியாததால் அவர் நாற்காலிக் கையில் விரலால் அதே தாளத்தைத் தட்டிக் காட்டிக்கொண்டிருந்தார்.

இதைப் படிக்கிற பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். ரத்தம் நின்றது என் விரலால், வால்வுச் சத்தம் குறைந்ததைக் கண்டது என் காது. இரண்டையும் நான் எங்கேயும் சொல்லிக்கொள்ளுவேன், சொல்லவும் உரிமை உண்டு. ஆனால் ஒருவருடைய மாத்திரையை நிறுத்தச் சொல்கிறவன், திரும்ப எந்த நாளில் தொடங்க வேண்டும் என்பதையும் கையில் வைத்திருக்க வேண்டும். இடையில் ஹர்த்தால் வந்தால், டாக்டர் ஊரில் இல்லாவிட்டால், என்ன செய்வது என்றும் தெரிந்திருக்க வேண்டும். அது மாத்திரை எழுதியவருக்குத்தான் தெரியும். ஃபோன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவனுக்குத் தெரியாது, அவன் எத்தனை வருஷம் உட்கார்ந்திருந்தாலும். நாள் மாற்றும்போதும் மாத்திரையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் ஃபோனை வைக்காதீர்கள்.

போன மாதம் பல் சுத்தம் செய்ய அண்ணாச்சிக்கு நாள் கொடுத்தேன்.

"வே ஆறுமுகம், மாத்திரை?"

"விடாம சாப்பிட்டுட்டு வாங்க அண்ணாச்சி."

"நீரு சொல்லுதேரா, டாக்டரம்மா சொல்லுதாவளா?"

"டாக்டரம்மாதான் சொல்றாங்க."

"அப்ப சரி" என்று ஃபோனை வைத்தார்.