ரீபெயிண்ட் என்று நான் சொன்ன பொம்மை

1. துண்டில் சுற்றி வந்தது

சவரிமுத்து சார் ஒரு ரோபோ பொம்மையைத் துண்டில் சுற்றிக்கொண்டு என் பட்டறைக்கு வந்தபோது, அவர் மகன் ஜெரால்டு இறந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. அமெரிக்காவில் கார் விபத்து. சார் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். அவருடைய ஸ்கூட்டருக்கு இரண்டு முறை நான்தான் பெயிண்ட் அடித்தேன்.

"காதர் பாய், இது கம்பெனி பெயிண்ட்டா, யாராச்சும் மேல அடிச்சதான்னு பாத்துச் சொல்லுங்க" என்றார்.

மடக்கினால் கார், விரித்தால் ரோபோ. ஜெரால்டுக்கு இந்த வகைப் பொம்மை என்றால் பைத்தியம். அங்கே இதைச் சேர்ப்பவர்கள் ஒரு மாநாடு கூடுவார்களாம். மாநாட்டில் மட்டுமே விற்கும் ஒன்றை வாங்கிவிட்டதாகக் கடைசி போனில் சொல்லியிருக்கிறான். அவன் சாமான்களை ஊருக்குக் கொண்டுவந்தது, அங்கே அவனோடு ஒரே அறையில் தங்கியிருந்த பாலமுருகன், ரெட்டியார்சத்திரத்துப் பையன். உடலோடு வந்து, அடக்கம் முடியும்வரை கூடவே நின்றவன்.

சாருடைய சொந்தக்காரர் ஒருவர் பிரவுசிங் சென்டரில் தேடி, இதே பொம்மை சிவப்பு நிறத்தில் சாதாரணக் கடைகளில் விற்பதைக் கண்டுபிடித்திருந்தார். கையில் இருந்ததோ ஊதா.

"கடைப் பொம்மைக்கு ஊதா அடிச்சு நம்மகிட்ட குடுத்துட்டு, நிசமானத பாலமுருகன் வச்சுக்கிட்டான்ங்கிறாங்க. நான் நம்பல. ஆனாத் தூக்கம் வரல பாய். எம்மகன் கையில வச்சிருந்தது இதுதானான்னு தெரிஞ்சாப் போதும்."

2. தின்னர்

அந்தக் காலத்தில் பழைய பைக் வாங்குகிறவர்கள் மெக்கானிக்கிடம் காட்டிவிட்டு என்னிடம் வருவார்கள். ரீபெயிண்ட் என்றால் எங்கள் தொழிலில் ஒரே அர்த்தம்தான்: எங்கேயோ விழுந்த வண்டி, பட்டி பூசி மறைத்திருக்கிறார்கள். அந்தச் சொல்லை நான் சொன்னதும் விற்க வந்தவன் முகம் செத்துவிடும். அதில் எனக்குத் தலைக்கனமும் உண்டு, மறைப்பானேன்.

பரிசோதனை எளிது. வேஸ்ட் துணியில் பெயிண்ட்டைக் கரைக்கும் தின்னரைத் தொட்டு, டேங்க்குக்கு அடியில் தேய்ப்பேன். கம்பெனி பெயிண்ட் ஓவனில் சுட்டது, அசையாது. பட்டறையில் அடித்தது துணியோடு வந்துவிடும்.

ரோபோவின் முழங்காலில் தேய்த்தேன். இரண்டே இழுப்பில் துணி ஊதாவாகி, கீழே சாம்பல் நிறம் பல்லைக் காட்டியது. கடைச் சிவப்பைச் சுரண்டிவிட்டு அடித்திருக்கிறார்கள் என்று முடிவுகட்டினேன்.

"ரீபெயிண்ட் சார்" என்றேன். ஒரு பைக்குக்குச் சொல்கிற அதே குரலில்.

மறுநாள் பாலமுருகனைப் பட்டறைக்கே வரவழைத்தார் சார். அவன் உள்ளே வந்ததும் முழங்காலைத்தான் பார்த்தான்.

"ஏனுங்க, தின்னரா போட்டீங்க?"

"அதெல்லாம் இருக்கட்டும்ப்பா. இது ரீபெயிண்ட்டா இல்லையா, அத மட்டும் சொல்லு" என்றேன்.

"ரீபெயிண்ட்தானுங்க. அதுக்காகத்தானே ஜெரால்டு..."

"பாத்தீங்களா சார், அவன் வாயாலயே வந்துருச்சு!"

சார் என்னைப் பார்க்கவில்லை. அவனிடம் மெதுவாகச் சொன்னார்: "முப்பதாம் நாள் பூசைக்கு நீ வர வேணாம் தம்பி."

அவன் ரோபோவை எடுத்து, பார்க்காமலே நாலு மடக்கு மடக்கிக் காராக்கி மேசைமேல் வைத்துவிட்டுப் போனான். இதே பொம்மையைப் பலமுறை மடக்கிப் பழகிய கை அது. அதையாவது நான் கவனித்திருக்க வேண்டும்.

3. பிளாஸ்டிக்

இரண்டு வருடம் கழித்து, வண்டிகளில் பிளாஸ்டிக் பாகங்கள் கூடிப்போனதால் பெயிண்ட் கம்பெனிக்காரர் ஒருவர் எங்களுக்கு வகுப்பு எடுக்க வந்தார். பிளாஸ்டிக்கை இரும்பு மாதிரிச் சுட முடியாது, வளைந்துவிடும் என்றார். எனக்குச் சுருக்கென்றது. "பொம்மைலங்க?" என்று கேட்டேன்.

"பொம்மைனா கேக்கவே வேணாம் பாய். எந்தக் கம்பெனி அடிச்சிருந்தாலும் தின்னர் பட்டா வந்துரும்."

அன்றைக்கே பிரவுசிங் சென்டருக்குப் போய், அங்கிருந்த பெண்ணிடம் இன்டர்நெட்டில் தேடிப் படிக்கச் சொன்னேன். பொம்மை சேர்ப்பவர்கள் பேச்சில் ரீபெயிண்ட் என்றால், அதே அச்சில் கம்பெனியே வேறு நிறத்தில் செய்து விற்பது. மாநாட்டுப் பொம்மைகளில் பாதி அப்படித்தானாம். சாருடைய ஊதா ரோபோ படமும் அதில் இருந்தது. பாலமுருகன் சொன்ன ரீபெயிண்ட் இதுதான்.

சாரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டியிருக்கலாம்.

"அப்ப அவன் வச்சிருந்தது இதுதான்?" என்று மட்டும் கேட்டார்.

"இதுதான் சார்."

இருவருமாக ரெட்டியார்சத்திரம் போனோம். பாலமுருகனுடைய அம்மா வாசலிலேயே நின்று பேசினார். "அவன் இப்ப ஊருக்கே வாரதில்லீங்க. கூட்டாளிய அடக்கம் பண்ணப் போன எடத்துல திருடன்னுட்டாங்கன்னு ஒருக்காச் சொன்னான். அப்பறம் அந்தப் பேச்சையே எடுக்கல." சார் போன் நம்பர் கேட்டார். "வேணாமுங்க" என்றார் அந்த அம்மா. குரலில் கோபம்கூட இல்லை.

திரும்பி வரும்போது சார் கேட்டார்: "அந்த முழங்காலுக்கு மட்டும் ஊதா தொட்டுக் குடுக்க முடியுமா பாய்?"

கலர் கலந்தேன். அச்சு அசலாக வந்தது. பிரஷ்ஷை முழங்காலுக்குக் கொண்டுபோனபோது கை நின்றுவிட்டது. நான் தொட்டால் அது எங்கள் பட்டறை அர்த்தத்திலும் ரீபெயிண்ட் ஆகிவிடும். அந்தப் பையன் மேல் நான் போட்ட பழி, பொம்மை அளவிலாவது நிஜமாகிவிடும். அப்படியே திருப்பிக் கொடுத்தேன்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். தின்னரைத் தொடுவதற்கு முன், கையில் இருப்பது இரும்பா, பிளாஸ்டிக்கா என்று பாருங்கள். அதைவிட முக்கியம், எதிரில் நிற்பவன் பேச ஆரம்பித்தால் முழுதாகச் சொல்ல விடுங்கள். பாலமுருகனுக்கு இன்னும் நாலு வார்த்தைதான் மிச்சம் இருந்தது. நான் விடவில்லை.