வெயிலைத் தேடி இறங்கினோம்

பக்கத்து வீட்டுக் குழந்தைக்குச் சளி. அதன் நெஞ்சில் நீலகிரித் தைலம் தேய்க்கிறார்கள் என்பதைச் சுவர் தாண்டி வந்த வாசனையே சொல்லிவிட்டது. பாளையங்கோட்டைப் புழுக்கத்தில், மின்விசிறி சுற்றியும் வேர்க்கிற மத்தியானத்தில், எனக்குக் கால் சில்லிட்டுப் போனது. சால்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டேன். "காய்ச்சலா அத்தை?" என்றாள் மருமகள். "இல்ல, ஹேவாஹெட்ட" என்று சொன்னால் அவளுக்கு என்ன புரியும்? அவள் புருஷன் பிறப்பதற்கு முந்தைய கதை அது. உங்களிடம் சொல்கிறேன், கேளுங்கள்.

இந்த ஊர் வெயிலில் பிறந்து வளர்ந்தவள் நான். கான்வென்டில் இங்கிலீஷ் படித்து, இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கவென்று கப்பலேறினேன் என்றால் பெரிய சீமைக்குப் போனதாக நினைக்க வேண்டாம். இலங்கையில், கண்டிக்கு மேலே ஹேவாஹெட்ட என்ற ஊரில் ஒரு தேயிலைத் தோட்டம். அங்கே அவர் கிளார்க். அவரைக் கட்டிக்கொண்டதால் அந்த வட்டாரத்துப் பாதிரியார் நடத்திய சிறிய பள்ளிக்கூடத்தில் நான் டீச்சர். முதல் நாள் காலை கதவைத் திறந்தால் முற்றத்தைக் காணோம். மூடுபனி. பக்கத்தில் எங்கோ தீப்பிடித்துவிட்டது என்று நான் கத்த, அவர் சிரித்த சிரிப்பு அந்த வாரம் முழுக்க ஓயவில்லை.

அங்கே மாதக் கணக்கெல்லாம் காலண்டரில்தான். தோட்டத்துக்காரர்களுக்குக் கொழுந்து பொங்குகிற காலம் ஒன்று, செடியைக் கழித்துக் கவ்வாத்து வெட்டுகிற காலம் ஒன்று. எனக்கோ துணி காய்கிற காலம், காயாத காலம். ஆனி பிறந்தால் காற்றும் மழையும் சேர்ந்து பிடித்துக்கொள்ளும். கரும்பலகை வேர்த்துக் கிடக்கும், அதில் சாக்கட்டி எழுதாது. தீக்குச்சி பற்றாது. 'இட் இஸ் ரெய்னிங்' என்று சொல்லிக்கொடுக்க உதாரணம் தேட வேண்டியதே இல்லை. ஜன்னலைக் காட்டினால் போதும். எங்கள் இங்கிலீஷ் பாடப் புத்தகத்தில் பனியில் பிள்ளைகள் குதித்து விளையாடுகிற படம் ஒன்று உண்டு. அதைப் பார்க்கும்போதெல்லாம், இதுகளுக்குச் சளி பிடிக்காதா என்றுதான் எனக்குத் தோன்றும்.

அப்படித் தோன்றியதற்குக் காரணம் லூர்து. என் மூத்த பிள்ளை, லூர்து மேரி. பிறந்ததிலிருந்தே அவளுக்கு நெஞ்சு சரியில்லை. மழைக்காலம் வந்தால் இளைப்பு. படுத்தால் மூச்சு முட்டும் என்று உட்கார்ந்தபடியே என் தோளில் சாய்ந்து தூங்குவாள். எத்தனை புட்டித் தைலம் தேய்த்திருப்பேன்! விலா எலும்பு உள்ளே இழுத்துக்கொள்வதைப் பார்த்துக்கொண்டே, எனக்குத் தெரிந்த ஜெபமெல்லாம் சொல்லி முடித்துவிட்டு, அப்புறம் சும்மா உட்கார்ந்திருப்பேன்.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுப்பவர் யாழ்ப்பாணத்துக்காரர். நல்ல மனுஷன். ஒருநாள் பிள்ளையின் முதுகில் காதை வைத்துக் கேட்டுவிட்டுச் சொன்னார்.

"உந்தப் பனிக்குள்ள பிள்ளையை வைச்சிருக்கிறது சரியில்லை, ரீச்சர். வெயில் படுற இடமாப் பாத்து, கீழ கொண்டு போங்கோ."

எனக்கு வெயில் என்றால் தாய்வீடு. அன்றே பாதிரியார் காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். ஒரு வருஷம் அலைக்கழித்து, தெல்தெனியப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றிக் கொடுத்தார். கண்டிக்குக் கிழக்கே, மலைகளுக்கு நடுவில் ஆற்றோரத்துக் கடைத்தெரு அது. என் வீட்டுக்காரர் தோட்டத்திலேயே இருந்துகொண்டார். ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து வந்து பார்த்துவிட்டுப் போவார். நானும் லூர்துவும் ஒரு முஸ்லிம் கடைக்காரர் வீட்டின் பின்கட்டில் வாடகைக்கு இருந்தோம். அவர் மனைவி ஆசியா உம்மா, நாங்கள் வந்த அன்றே பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார்.

தெல்தெனிய வெயில் என்னை ஏமாற்றவில்லை. இறங்கிய மாதத்திலேயே இளைப்பு நின்றது. லூர்து மல்லாந்து படுத்துத் தூங்கினாள். சத்தமே இல்லாமல் மூச்சு விடுகிறாளே என்று பயந்து, மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்திருக்கிறேன். "எங்கட ஊரு வெயிலும் மருந்துதான் டீச்சர். புள்ளக்கி மொகத்துல ரத்தம் வந்திருக்கு, பாருங்க" என்பார் உம்மா. நான் வகுப்பில் பாடிக்கொண்டே பாடம் நடத்தினேன் என்றால் நம்புவீர்களா? எனக்குப் பாட்டே வராது.

அந்த வருஷம் வைகாசி மழை வரவில்லை. ஆனி, ஆடியிலும் வரவில்லை. ஆறு வற்றி வற்றி, கடைசியில் பாறைக்கு நடுவே குட்டை குட்டையாகத் தண்ணீர் நின்றது. பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம், பள்ளி விட்டால் ஆற்றுக்குள்தான். மாதா கோயிலில் மழைக்காக விசேஷப் பூசை வைத்தார்கள். ஊரே முழங்காலில் நின்றது. நான் மட்டும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, 'இன்னும் கொஞ்ச நாள் வேண்டாம் ஆண்டவரே, என் பிள்ளை மூச்சு விடட்டும்' என்று வேண்டிக்கொண்டேன். அத்தனை பேர் வேண்டுதலைத் தள்ளிவிட்டு என்னுடையதைத்தான் கேட்டார் போலிருக்கிறது. இன்றைக்கும் அவரிடம் எனக்கு அந்தக் கோபம் உண்டு.

ஐப்பசியில் காய்ச்சல் வந்தது. முதலில் கடைசி பெஞ்சில் இரண்டு பையன்கள் வரவில்லை. அடுத்த வாரம் அந்த பெஞ்சே காலி. அப்புறம் வீதியில் யாரைப் பார்த்தாலும் போர்வை. மலேரியா என்றார்கள், குட்டைத் தண்ணீரில் பெருகிய கொசு என்றார்கள். பள்ளிக்கூடத்தைச் சாத்திவிட்டு அங்கேயே கொயினா மருந்து கொடுத்தார்கள். நான் இங்கிலீஷ் நடத்திய மேசையில் மருந்துப் புட்டிகள். ஜனங்கள் மரத்தடியில் படுத்துக்கொண்டே வரிசையில் காத்திருந்தார்கள்.

லூர்துவுக்கு ஒரு மத்தியானம் நடுக்கம் தொடங்கியது. முற்றத்தில் கால் வைக்க முடியாத வெயில். அந்த வெயிலில் நின்றுகொண்டு, "குளிருதும்மா" என்றாள். ஹேவாஹெட்டவிலிருந்து கொண்டுவந்து, இனி வேண்டாம் என்று பெட்டிக்கு அடியில் போட்டிருந்த கம்பளியை எடுத்துப் போர்த்தினேன். போதவில்லை. உம்மா தன் வீட்டுப் போர்வையெல்லாம் கொண்டுவந்தார். என் பிள்ளையைக் குளிரிலிருந்து காப்பாற்ற நான் எவ்வளவு பாடுபட்டேன் என்று உங்களுக்குத் தெரியுமே. நான் அவள் மேல் படுத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். என்னையும் சேர்த்து உலுக்கியது.

ஞாயிற்றுக்கிழமை அவர் நடந்தே வந்து சேர்ந்தார். பிள்ளையைப் பார்த்ததும் தொப்பியைக் கூடக் கழற்றவில்லை.

"மேல கொண்டு போயிருவோம். இளைப்பு வந்தா வரட்டும். அங்க கொசு கெடையாது" என்றார்.

"பஸ் ஏதுங்க? டிரைவருக்கும் காய்ச்சல்" என்றேன்.

"தோட்டத்து லாரியக் கேட்டு வாங்கிட்டு வாரேன். நீ துணிமணிய எடுத்து வை."

வந்த காலோடு திரும்பி நடந்தே போனார். நான் மூட்டை கட்டினேன். எந்த மூடுபனியைச் சபித்துக்கொண்டு இறங்கி வந்தேனோ, அதற்காக அன்று ஏங்கினேன். அந்தப் பனி ஒருமுறை இவள் முகத்தில் பட்டால் போதும் என்றிருந்தது. லூர்து கண்ணைத் திறக்கும்போதெல்லாம், "அப்பா லாரி கொண்டாராங்க, நாம வீட்டுக்குப் போறோம்" என்றேன். "மழ பெய்யுமா?" என்று கேட்டாள். "பெய்யும்" என்றேன். லாரி வந்தபோது அவள் இல்லை.

மாதா கோயிலுக்குப் பின்னால், ஆற்றைப் பார்த்த சரிவில் அடக்கம் செய்தோம். அந்த வரிசை முழுக்கச் சின்னச் சின்ன மண்மேடுகள். மரச்சிலுவையில் பெயர் எழுதக்கூட ஆள் கிடைக்கவில்லை, நானே எழுதினேன். "நீங்க போங்க டீச்சர். புல்லு மொளைக்காம நான் பாத்துக்குறேன்" என்றார் உம்மா. கடைசிவரை பார்த்துக்கொண்டார். நான் அதே லாரியில் ஹேவாஹெட்டவுக்கு ஏறினேன்.

அப்புறம் பல வருஷம் அந்தப் பனியில்தான் பாடம் நடத்தினேன். கல்லறைத் திருநாளுக்கு இருவரும் தெல்தெனியவுக்கு இறங்கி மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வருவோம். மகன் பிறந்தான், வளர்ந்தான். பிறகு அந்த நாட்டுக்குச் சுதந்திரம் வந்து, நீங்கள் இந்த ஊர்க்காரர்கள் இல்லை என்றார்கள். கப்பலேறி வந்துவிட்டோம். அவரும் போய்ச் சேர்ந்தார். உம்மாவும் இல்லை என்று கேள்வி.

போன மாதம் என் பழைய மாணவன் ஒருவன் தேடி வந்தான். அவனும் ஊரை விட்டு வந்தவன்தான், தலையெல்லாம் நரை. சாப்பாடு போட்டுக்கொண்டே தெல்தெனியவைப் பற்றிக் கேட்டேன்.

"அது தண்ணிக்குள்ள போயிருச்சுங்க டீச்சர். ஆத்துல பெரிய அணை கட்டிட்டாங்கல்ல. கடைவீதி, பள்ளிக்கூடம், எல்லாமே உள்ளதான். ஊர மேல மாத்திட்டாங்க."

"கோயிலுக்குப் பின்னாடி கல்லறை இருந்துச்சேப்பா?"

அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே யோசித்தான்.

"சொந்தக்காரங்க வந்து கேட்டவங்களுக்குத் தோண்டி எடுத்துக் குடுத்தாங்கன்னு சொன்னாங்க. மத்ததெல்லாம் அப்பிடியே விட்டுட்டாங்க."

எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இந்த வயதிலும் பாஸ்போர்ட், விசா என்று யார் காலிலாவது விழுந்து போயிருப்பேன். மேலே கொண்டு போகிறோம் என்று சொல்லி வைத்திருந்த பிள்ளை. எல்லோருடைய ஆட்களும் வந்து கேட்டபோது, அவளைக் கேட்டு யாரும் வரவில்லை.