வேலிப் புடவையும் கிழிந்த காதும்

ஆல்பினுக்கு வயது நாற்பத்தேழு. மனைவி ஜெஸியோடு சேர்ந்து கள்ளக்குறிச்சியில் போட்டோ ஸ்டூடியோ நடத்துகிறார். இருபத்திரண்டு ஆண்டுகளில் ஆயிரத்து நானூற்றுப் பதினெட்டு விசேஷங்களைப் படம் பிடித்தாயிற்று. ஒரு ஆல்பத்திலும் அவர் பெயர் கிடையாது. கடைசிப் பக்க மூலையில் கடையின் பெயரும் தொலைபேசி எண்ணும் இருக்கும், அவ்வளவுதான். ஊரில் நடக்கவிருந்த காட்டுயிர்ப் படக் கண்காட்சியின் அறிவிப்பில், ‘படத்தின் கீழ் எடுத்தவர் பெயர் போடப்படும்’ என்று ஒரு வரி இருந்தது. அந்த வரி அவரை இருப்புக்கொள்ளாமல் அடித்துவிட்டது.

2023 நவம்பர் 19, ஞாயிற்றுக்கிழமை. “ஊரே மாதாகோயில் பூசைக்குப் போவுது, எங்க வூட்டுக்காரரு கரடியப் பாக்கப் போறாரு” என்று ஜெஸி வாசலில் நின்று சொன்னது தெருமுனைவரை கேட்டது. ஆல்பின் திரும்பிப் பார்க்கவில்லை. வெள்ளிமலையில் ஜீப் ஓட்டும் சின்னராசு, சாமை விளையும் கொல்லை ஓரம் ஒரு கரடி கரையான் புற்றைக் கிண்ட வருகிறது என்று சொல்லியிருந்தார். காலை ஆறு மணி நாற்பத்திரண்டு நிமிடத்துக்கு அது வந்தது. அன்று எடுத்த இருநூற்றுப் பன்னிரண்டு படங்களில், 188 முதல் 193 வரை ஆறே படங்களில்தான் கரடி இருந்தது. 190-ஆவது படம் அருமையாக விழுந்திருந்தது.

ஒரு குறைதான். காட்டுப்பன்றி வராமலிருக்க வேலியில் பழைய புடவைகளைக் கட்டியிருந்தார்கள். அதில் ரோஸ் நிறப் புடவை ஒன்று வெயில் பட்டுப் பளபளத்தது. படத்தைப் பார்க்கிற எவருக்கும் கண் முதலில் புடவைக்குத்தான் போகும். கரடி இரண்டாவதுதான்.

புதன்கிழமை மாலை ஆல்பின் கணினியில் உட்கார்ந்து புடவையை அழித்தார். வேலியை அழித்தார். கை நிற்கவில்லை. கல்யாணப் பெண்ணின் முகத்தைச் சரிசெய்கிற அதே பழக்கத்தில் ரோமத்தை மழமழப்பாக்கி, கண்ணுக்கு வெளிச்சம் கொடுத்து, கிழிந்திருந்த வலது காதையும் இட்டு நிரப்பினார். கடை வழக்கப்படி பழைய படத்தின் மேலேயே புதியதைச் சேமித்தார். மற்ற படங்களைக் கணினியிலிருந்து நீக்கினார். மறுநாள் விசேஷத்துக்கு வேண்டுமே என்று கேமராவின் மெமரி கார்டையும் அழித்து ஜெஸியின் பையில் போட்டார்.

வியாழன் காலை பத்து இருபதுக்குப் படத்தைச் சின்னராசுவின் கைப்பேசிக்கு அனுப்பினார். உடனே அழைப்பு வந்தது.

“இது யாரூட்டுக் கரடிண்ணே?”

“நீ காட்டனதுதான்யா.”

“வெளையாடாதண்ணே. நம்ம கரடிக்குக் காது கிழிஞ்சிக்கினு இருக்கும். இது பவுடர் பூசிக்கினு பொண்ணு பாக்க வந்த மாதிரி இருக்குது. எங்கண்ணே காது?”

ஆல்பினுக்குச் சிரிப்பு வரவில்லை. அறிவிப்பை எடுத்து மறுபடி படித்தார். அவர் இத்தனை நாளாகப் படித்ததெல்லாம் அந்தப் பெயர் வரியைத்தான். அதற்குக் கீழே ஐந்தாவது விதி இருந்தது: படத்தில் எதையும் நீக்கவோ சேர்க்கவோ கூடாது. ஓரம் வெட்டலாம், வெளிச்சமும் நிறமும் கூட்டலாம், குறைக்கலாம். கைபடாத மூலப் படத்தையும் உடன் அனுப்ப வேண்டும். கடைசி நேரம் அன்று மாலை ஆறு.

மூலப் படம் அந்தக் கார்டில்தான் இருந்தது. கார்டு மணலூர்பேட்டையில், ஒரு நிச்சயதார்த்த வீட்டில், ஜெஸியின் கேமராவுக்குள் இருந்தது.

கார்டை அழித்தாலும் படங்கள் உடனே போய்விடுவதில்லை. புதுப் படங்கள் முதலிலிருந்து வரிசையாக மேலே ஏற ஏறத்தான் பழையது போகும். மீட்டெடுக்கும் மென்பொருள் கடையில் உண்டு. ஆகவே ஜெஸி நூற்று எண்பத்தேழு படங்களுக்குள் நிறுத்தினால் ஆறும் பிழைக்கும். அவளை அழைத்தார். ஒன்பது முறை. மேளச் சத்தத்தில் அவளுக்குக் கேட்டிருக்காது. வேறொரு கார்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வண்டியைக் கிளப்பினார். தியாகதுருகம் தாண்டிக் கரும்பு லாரிக்குப் பின்னால் நகர்ந்த நேரமெல்லாம் வாய் தானாக எண்ணிக்கொண்டிருந்தது. பந்தல் முகப்பு மூன்று படம். வரவேற்பு பத்து. பெண்ணின் அலங்காரம் நாற்பதுக்குக் குறையாது.

பன்னிரண்டு ஐந்துக்கு வீட்டுக்குள் நுழைந்தார். ஜெஸி பிளாஸ்டிக் நாற்காலி மேல் ஏறி நின்றிருந்தாள்.

“எத்தன எடுத்துக்கினு இருக்க?”

“இன்னாங்க, இங்க வந்து நிக்கிறீங்க? கடைய யாரு பாக்குறது?”

“எத்தனன்னு சொல்லு!”

அவள் கேமராவைத் திருப்பிப் பார்த்தாள். “நூத்தி எம்பத்தி நாலு.”

“கார்ட குடு. கரடி அதுலதான் இருக்குது.”

“கரடிய கட்டிக்கினு அழுவுங்க. தட்டு மாத்தப் போறாங்க, தெரியல?”

பெண்ணின் அப்பாவும் மாப்பிள்ளையின் அப்பாவும் தாம்பாளத்தை ஆளுக்கொரு பக்கம் பிடித்துவிட்டார்கள். ஆல்பினின் கை கேமராவை நோக்கி நீண்டது. கார்டை மாற்ற அரை நிமிடம் ஆகும். அந்த அரை நிமிடம் அந்த வீட்டுக்குத் திரும்பி வராது. தட்டு ஒரு முறைதான் மாறும். நீட்டிய கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

ஜெஸி அழுத்தினாள். நூற்று எண்பத்தைந்து. எண்பத்தாறு. மாப்பிள்ளையின் தாய்மாமன் குறுக்கே வந்தார், “நவுருங்க மாமா, மாமா!” என்று அதட்டிவிட்டு மறுபடி அழுத்தினாள். ஒவ்வொரு சொடுக்கையும் ஆல்பின் வாய்க்குள் எண்ணினார். தட்டு கைமாறியது. நிறுத்தியபோது நூற்றுத் தொண்ணூற்று ஒன்று.

“இந்தாங்க” என்று கார்டைக் கழற்றிக் கொடுத்தவள், அவர் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தாள். “பூட்ச்சா?”

“தெரில” என்று, கொண்டுவந்த கார்டை அவளிடம் நீட்டினார்.

கடைக்குத் திரும்பியதும் முதல் வேலையாக நிச்சயதார்த்தப் படங்களைப் பத்திரமாக ஏற்றினார். பிறகு மீட்பு வேலையை ஓடவிட்டார். அது முடிய ஒரு மணி பத்து நிமிடம் ஆனது. உட்கார முடியவில்லை. கடை வாசலுக்கும் கணினிக்கும் நடந்துகொண்டேயிருந்தார். கிடைத்தவை 192, 193. அருமையான 190 போய்விட்டது. 193-இல் கரடி முதுகைக் காட்டியது. 192-இல் தலையைத் தூக்கி இவர் பக்கம் பார்த்தது. கிழிந்த காது நேராகத் தெரிந்தது. ரோஸ் புடவையும் அதன் தோளுக்குப் பக்கத்திலேயே தெரிந்தது.

இந்த முறை எதையும் அழிக்கவில்லை. இடப்பக்க வானத்தை வெட்டினார். புடவையின் வெளிச்சத்தை இறக்கி நிறத்தை மங்கவைத்தார். கரடி நின்ற புல்லின் வெளிச்சத்தை மட்டும் ஒரு துளி தூக்கிவிட்டார். ஐந்து பத்துக்கு ஜெஸி வந்ததும், பையைக் கீழே வைக்கவிடாமல் திரையைக் காட்டினார்.

“மொதல்ல இன்னா தெரிஞ்சிது?”

“புடவ. நல்ல கலரு.”

மறுபடி இறக்கினார். அவளைத் திரும்பி நிற்கச் சொல்லி, மறுபடி பார்க்கச் சொன்னார்.

“இப்ப?”

“கண்ணு. அப்புறம் அந்தக் காது. ஐயோ பாவம், எது கடிச்சுதோ.” சற்றுக் கழித்து, “புடவையும் இருக்குதுங்க. தேடனாதான் தெரியுது” என்றாள்.

சுட்டியைப் பிடித்திருந்த கை, பழக்கத்தில், திரையில் கரடிக் காதின் ஓரம்வரை ஒருமுறை அம்புக்குறியைக் கொண்டுபோனது. ஜெஸி அந்தக் கையில் ஒரு தட்டுத் தட்டினாள். ஐந்து நாற்பத்தெட்டுக்கு மூலப் படத்தோடு சேர்த்து அனுப்பிவிட்டார். சின்னராசுவுக்கும் அனுப்பினார். ‘இதுதாண்ணே நம்மாளு’ என்று பதில் வந்தது.

டிசம்பர் பத்தாம் தேதி கண்காட்சி திறந்தது. சுவரில் மூன்றாவது வரிசையில் கரடி இருந்தது, கீழே, ச. ஆல்பின், கள்ளக்குறிச்சி. அவர் அதன் எதிரே நின்று, வருகிறவர்களின் கண் முதலில் எங்கே போகிறது என்று ஒவ்வொருவராகக் கவனித்துக்கொண்டிருந்தார். நான்காவதாக வந்த பெண்மணி புடவையைப் பார்த்தது போலத் தோன்றியது. இன்னும் கொஞ்சம் இறக்கியிருக்கலாம்.